நாக்கில் ஒட்டிய மணி

சூளையில் முதல் தடவை வெந்து வரும் சாமான் சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் செராமிக் யூனிட்டில் மெஷின் எதுவும் கிடையாது. நாக்குதான். ஒரு துண்டை எடுத்து நுனி நாக்கில் வைத்தால் அது எச்சிலை உறிஞ்சிக்கொண்டு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். லேசாக இழுத்தால்தான் வரும். அப்படிப் பிடித்தால் நல்ல வேக்காடு. பிடிக்காமல் கண்ணாடி போல வழுக்கினால் சூடு கூடிப்போய்விட்டது. மாவாக உதிர்ந்தால் இன்னும் வேகவில்லை. விருத்தாசலத்தில் செராமிக் ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கை எடுக்கும், நாக்கு நீளும், அவ்வளவுதான்.

இதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து அச்சில் எடுத்த சாமானுக்குப் பிசிறு சீவும் அக்கா ஒருத்தி, "இவ நாக்க அறுத்து எடுத்து வச்சிக்கினா மொதலாளிக்கு மெஷின் செலவே இல்லடி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டுக்கூட நான் ஒரு வாரம் நாக்கைக் கடித்துக்கொள்வேனோ என்று பயந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் முதல் கேள்விக்கு எழுதிய பதில் சரியா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில் மணி அடித்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கே போகவில்லை. அடுத்த பரீட்சையும் அப்படியே. அதோடு ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் பாதித் தெருவில் திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "நீ பூட்ட இழுத்து இழுத்தே ஒருநாளு அது கழண்டுக்கும் பாரு" என்பார்.

எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஏழெட்டு வருஷம் போயிருக்கும், அதை ஒருவர் வாடகைக்கு எடுத்தார். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஐதராபாத் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்தமாக ஏதோ செய்து பார்க்கப் போகிறேன் என்று வந்திருந்தார். சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

அவருக்கு வேண்டியது மணி. மிளகு அளவில், உள்ளே முழுக்க நுண்ணிய துளை உள்ள பீங்கான் மணி. களிமண்ணில் நைசாக அரைத்த உமியைக் கலந்து உருட்டி வேகவைத்தால் உமி எரிந்துபோய் அதன் இடமெல்லாம் துளையாக நிற்கும். முதல் லாட்டில் பாதி சூடு கூடி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் உட்கார்ந்து நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று பிரித்து வைத்தேன். சார் இரண்டு தட்டிலும் இருந்து கொஞ்சம் எடுத்துப்போய், தண்ணீரில் ஊறப்போட்டு நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"நாக்குல வச்சிப் பாத்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எட்டாவதுதான் பாஸு. அதோட எனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"பயப்படுற ஆளுதாம்மா வேணும். தைரியமான ஆளுங்க நாலு பேர பாத்துட்டேன். பம்ப ஓட வுட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க."

சேர்ந்த அன்று மூன்று விஷயம் சொன்னார். மருந்து ஏற்றிய மணியைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஷெட்டுக்குள் எதையும் வாயில் வைக்கக்கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார். கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், அதே சம்பளத்தில் பழைய ஷெட்டிலேயே வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். தலையாட்டினேன்.

அவர் என்னதான் செய்கிறார் என்று எனக்கு விளங்கவைத்தது எங்கள் யூனிட் யானைகளை வைத்துத்தான். ஷோகேஸில் ஒன்றை ஒன்று பார்த்தபடி வைக்கிற ஜோடி யானை அப்போது நிறையப் போட்டுக்கொண்டிருந்தோம். இடத்து யானை, வலத்து யானை என்று உழவு மாடு மாதிரி பேர்.

"ஒரே அச்சுல ரெண்டையும் எடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"எப்படி சார் முடியும்? அதுக்கு ஒரு அச்சு, இதுக்கு ஒரு அச்சு."

"மண்ணு?"

"ஒரே மண்ணு. எடையும் ஒண்ணுதான். ஆனா இடத்து யானைய எப்படித் திருப்பி வச்சாலும் வலத்து யானை ஆவாது சார்."

"அவ்ளோதாம்மா நான் இருவது வருஷமா படிச்சது" என்றார்.

மருந்துச் சரக்கும் அப்படித்தானாம். ஒரே மண், ஒரே எடை, ஆனால் இடது கையும் வலது கையும் மாதிரி இரண்டு உருவம். சும்மா கலக்கிக் காய்ச்சினால் இரண்டும் பாதிப் பாதி வரும். ஒன்றுதான் உடம்புக்கு ஆகும், மற்றது வீண், சில சமயம் கெடுதல். அதனால் ஒரு கையை மட்டும் செய்கிற அச்சு வேண்டும். அந்த அச்சு ஏதோ விலை உயர்ந்த உலோகத்தில் ஆனது, கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைத்தான் மணியின் துளைகளுக்குள் பதித்து வைத்திருந்தார். மருந்து ஏற்றிய மணி என்று அவர் சொன்னது அதைத்தான்.

"ஒங்க பிளாஸ்டர் அச்சு கொஞ்ச நாள்ல தேஞ்சிடும். இது தீராது. ஒண்ணு பண்ணிட்டு அடுத்தது, அடுத்தது பண்ணிட்டு அதுக்கடுத்தது. பண்ணிக்கினே இருக்கும்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

விரல் தடிமனில் ஒரு இரும்புக் குழாய். அதற்குள் மணிகளை நெருக்கி நிரப்புவது. ஒரு முனையில் சின்னப் பம்பு திரவத்தைத் தள்ளும். ஊசி போடுவதற்கு முன் தடவுகிற ஸ்பிரிட் வாசனை அந்தத் திரவத்துக்கு. மறு முனையில் சொட்டுச் சொட்டாக வலத்து யானை விழும். அண்டாவில் போட்டுக் காய்ச்சி இறக்குகிற வேலை இல்லை, வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. மணிக்கு ஒரு தடவை விழுந்த சொட்டுகளை ஒரு கண்ணாடிக் குழலில் பிடித்து, மஞ்சள் விளக்குப் போட்ட ஒரு கருவியில் வைத்துக் கண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு வட்டம் தெரியும், பாதி இருட்டு, பாதி வெளிச்சம். இரண்டு பாதியும் ஒரே மாதிரி ஆகும்வரை திருகைத் திருப்பி, எத்தனையில் நின்றது என்று நோட்டில் எழுத வேண்டும். எண் மாறாமல் இருந்தால் ஒரு கைதான் வருகிறது. இறங்கினால் மற்றக் கையும் கலக்கிறது.

பத்து நாள் நிறுத்தாமல் ஓட வேண்டும். இடையில் நின்றால் மறுபடி ஒன்றில் இருந்து எண்ண வேண்டும். அந்தப் பத்து நாள் எண்களைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி அவரோடு பேசுவதாக இருந்தது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நான். மிச்ச நேரம் அவர். பகலில் அவர் பின்பக்க அறையில் தூங்குவார். செராமிக் தூசி வரக்கூடாது என்று ஷெட்டின் ஜன்னல்களை எல்லாம் மூடி டேப் ஒட்டியிருந்தது. கதவும் சாத்தித்தான் இருக்கும். நான், ஒரு ஸ்டூல், டக் டக் என்று பம்பு. பாத்ரூம் பக்கத்து ஷெட்டில் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

குழாயில் மணி நிரப்பியது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கணக்குப் போட்டால் நாற்பத்தைந்து நாள். சாரிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதல் தடவை நாற்பதாம் நாளே தெரு முழுக்கச் சொல்லி, எல்லோரும் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய், மூன்றாம் மாதம் நிற்காமல் போயிற்று. இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். சொன்னால் தங்காது என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் மருந்து ஷெட்டில் இருக்கிறோமே என்று ஒரு பயம். இரண்டில் பழைய பயமே ஜெயித்தது.

மருந்து ஏற்றிய மணிகள் செங்கல் நிறத்தில் இருந்தன. கையுறையோடு கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மணி துள்ளி மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்தேன். கையுறை தடிமன், பிடி கிடைக்கவில்லை. கழற்றிவிட்டு இரண்டு விரலால் எடுத்தேன். எடுத்து நிமிர்ந்தபோது அது என் நாக்கில் இருந்தது.

நன்றாகப் பிடித்தது. அருமையான வேக்காடு. இழுத்து எடுத்த பிறகுதான் எதை வைத்தேன் என்று உறைத்தது. துரு மாதிரி ஒரு ருசி. சார் முதுகைக் காட்டிக்கொண்டு பம்பின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் துப்பித் துடைத்தேன். அந்த மணியைத் திரும்பக் குழாயில் போட மனசு வரவில்லை. காலண்டர் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பம்பு ஓட ஆரம்பித்தது.

முதல் நாள் அவ்வளவாகப் பயம் இல்லை. ஒரு மணி குறைந்ததால் எண் கெட்டுப்போகுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெடவில்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஆள் மாறும்போது சார் நோட்டைப் பார்த்தார். எண் அசையவே இல்லை. சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தார்.

"இடத்து யானை வந்தா என்னா, வலத்து யானை வந்தா என்னான்னு தோணும் ஒங்களுக்கு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி வெளிநாடுங்கள்ல மசக்கைக்கின்னு ஒரு மாத்திர குடுத்தாங்கம்மா. ரெண்டு கையும் கலந்த மாத்திர. சாப்ட்டவங்களுக்குப் பொறந்த புள்ளைங்க ஆயிரக்கணக்குல கை இல்லாம பொறந்துச்சு. தோள்லேருந்து நேரா வெரலு."

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"எத்தினி மாத்திர சாப்ட்டா சார் அப்படி?"

"ஒண்ணே போதும்னு சொல்றாங்க. அந்த நாளு முக்கியம். கை, காலு மொளைக்கிற நாளு. ஒண்ணர மாசத்துக்குப் பக்கத்துல."

"நல்ல கைய மட்டும் பிரிச்சிக் குடுத்திருந்தா?"

"நல்ல கேள்வி" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அதுதான் வேதனை. அந்த மருந்து ஒடம்புக்குள்ள போனப்பறம் தானா ஒண்ணு இன்னொண்ணா மாறிக்குமாம்."

நான் வாயில் வைத்தது அந்த மாத்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் நான் வாயில் வைத்தது அதைவிட மோசம் என்று தோன்றியது. மாத்திரை கரைந்து தீர்ந்துபோகும். இது அச்சு. தீராது என்று அவரே சொல்லியிருக்கிறார். கைகளைச் செய்கிற அச்சு. ஒன்றைச் செய்துவிட்டு அடுத்தது, அடுத்ததைச் செய்துவிட்டு அதற்கடுத்தது. குழாயில் திரவம் ஓடுவது போல உடம்பில் ரத்தம் ஓடுகிறது. அதையும் நிறுத்த முடியாது. எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அது ஒட்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு எதையோ ஒரு பக்கமாகவே செய்துகொண்டிருக்கிறது. இதுதான் என் நினைப்பு. தப்பு என்று இப்போது சொல்லலாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அப்படியே போயின. எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் பம்பை யார் பார்ப்பது, பின்னறையில் அசந்து தூங்குகிறவரை எழுப்ப வேண்டும், எழுப்பினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் தங்காது. எந்தப் பக்கம் போனாலும் டேப் ஒட்டிய ஜன்னல்தான். டக் என்று பம்பு ஒருமுறை தள்ளும்போது என் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று டக் என்று தள்ளியது. மணிக்கு ஒருமுறை வட்டத்தைப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒன்றாகும்வரை திருப்பினேன். எண்ணை எழுதிவிட்டு, எழுதியது சரியா என்று மறுபடி பார்த்தேன்.

மத்தியானத்தில் பக்கத்து ஷெட் அக்கா கதவைத் தட்டி டம்ளரில் டீ நீட்டுவாள். வாசற்படிக்கு வெளியே நின்று குடித்துவிட்டுத் தர வேண்டும்.

"என்னா புள்ள, அடைக்கு வச்ச கோழியாட்டம் உள்ளாரயே குந்திக்கினு இருக்கற? மூஞ்சி வேற வெளுத்துப் போச்சி."

"ஒண்ணும் இல்லக்கா. புழுக்கம்."

"நாக்காவது சும்மா இருக்குதா? அங்க நீ இல்லாம ஒரு லாட்டு வேவாமயே கெளம்பிப் போயி திரும்பி வந்துடுச்சி. ஒன் நாக்க மட்டுமாவது அனுப்பி வைடி."

நான் டீயை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், அவள் வெளியே நின்று என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யோசித்திருப்பாள்.

ஐந்தாம் நாள் விடிகாலை வீட்டுக்காரர் என்னை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விடும்போது முதுகுப் பக்கம் இருந்து கேட்டேன். "என்னாங்க, நம்ம புள்ளைக்கு கை இல்லன்னா என்னா பண்ணுவீங்க?"

"நல்லதாப் போச்சி. நானும் டிரைவரு ஆவறேன்னு ஸ்டியரிங்க புடிச்சித் தொங்க மாட்டான்."

நான் சிரிக்கவில்லை என்பது ரயில்வே கேட் தாண்டிய பிறகுதான் அவருக்குப் பட்டது. வண்டியை ஓரம்கட்டினார். "ஏய், என்னா? என்னாத்துக்கு இப்படிப் பேசற காலங்காத்தால?"

"சும்மா கேட்டன். போங்க, மணியாவுது. சார் காத்துக்கினு இருப்பாரு."

ஆறாம் நாள், சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு எண் இறங்கியது. கொஞ்சம்தான். என் கண்தான் கெட்டது என்று நினைத்துக் கண்ணாடிக் குழலைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுப் பின்னறைக் கதவைத் தட்டினேன். சார் பனியனோடு வந்து பார்த்தார். சொட்டைச் சோதித்தார். பதற்றப்படவில்லை.

"கொஞ்சம் கழண்டு வருது போலருக்குது."

"என்னா சார் கழண்டு வருது?"

"மணியில இருக்கற உலோகம். ஈரம் பட்டுக்கினே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கழண்டு ஓட்டத்தோட போயிடும். எதிர்பாத்ததுதான்."

"தீராதுன்னு சொன்னீங்களே சார்."

"தீரலம்மா. எடம் மாறிப் போவுது. அவ்ளோதான்."

எடம் மாறிப் போகிறது. என் கை முந்தானை முடிச்சுக்குப் போனது.

"ஈரம் பட்ட ஒடனே கழலுமா சார்?"

"ஒடனே ஒண்ணும் பெருசா கழலாது."

"எச்சி பட்டா?"

அவர் அப்போதுதான் கருவியில் இருந்து கண்ணை எடுத்தார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ஆறு நாளாகக் குளிக்கும்போதுகூட எடுத்துப் பத்திரமாக வைத்து, அடுத்த சேலையில் மாற்றி மாற்றி முடிந்து வந்த முடிச்சு. காலண்டர் தாளைப் பிரித்து நீட்டினேன். செங்கல் நிற மணி, மிளகு அளவு.

"எப்ப?"

"திங்கக்கெழம. நெனச்சி செய்யல சார். கை தானா..."

"தெரியுது. வச்ச ஒடனே எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டன். துப்பிட்டன்."

"அப்பறம் என்னாம்மா? இதுல போயிருந்தா எந்தத் தராசாலயும் நிறுக்க முடியாத அளவு போயிருக்கும். ஒண்ணும் ஆவாது. ஏன் அழுவறீங்க?"

ஒரு ஆம்பிளையிடம், அதுவும் சாரிடம், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு எனக்கு நாப்பத்தஞ்சு நாளு சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது விஷயத்தை நான் ஏன் மறைத்தேன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தான் சொன்ன கதையை நினைத்திருப்பார் போல, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அது வேற மருந்தும்மா. இது அது இல்ல. இதால ஒண்ணும் ஆவாது."

"எழுதிக் குடுங்க சார்."

"என்னாது?"

"ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நான் வச்சிக்கிறேன். பயம் வரப்பல்லாம் எடுத்துப் பாத்துக்கறேன்."

நோட்டை இழுத்தார். பேனாவைத் திறந்தார். 'ஒன்றும்' என்று எழுதியதைப் பார்த்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பம்பு டக் டக் என்று போய்க்கொண்டே இருந்தது. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

"எழுத முடியாதும்மா" என்றார். "ஒண்ணும் ஆவாதுன்னு நான் நம்பறேன். எம் பொண்ணா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். ஆனா வாயில வச்சவங்கள இதுவரைக்கும் யாரும் அளந்து பாத்தது கெடையாது. அளக்காதத நான் நோட்டுல எழுதுனா, இதுல இருக்கற மத்த எழுத்துக்கும் மதிப்பு இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து பம்பின் பக்கம் போனார். அவர் கை எங்கே போகிறது என்று புரிந்ததும் கத்திவிட்டேன். "நிறுத்தாதீங்க சார்! ஆறு நாளு சார்!"

நிறுத்திவிட்டார்.

ஆறு நாளாக அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். அது நின்றதும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளும் அவ்வளவு பக்கத்திலா இருந்தார்கள் என்று தோன்றியது. எனக்கு அழுகை நின்று, அவருடைய ஆறு நாளைக் கெடுத்துவிட்டேனே என்ற புதுக் கவலை ஆரம்பித்திருந்தது.

ஸ்கூட்டரில் உட்கார வைத்து டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மணியை மேஜைமேல் வைத்து, அது என்ன உலோகம், எவ்வளவு என்று எல்லாம் அவரே சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஒங்க ஆளுங்களுக்கு இன்னமும் சாமான நக்கற பழக்கம் போவலியா?" என்றார். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சார் சொன்ன அதே பதில்தான் அவரும் சொன்னார். ஒன்றும் ஆகாது.

"கையி தெரியுமா டாக்டரம்மா இப்ப?"

"இப்ப என்னா தெரியும்? அஞ்சாம் மாசம் ஸ்கேனுல பாக்கலாம். அதுவரைக்கும் நீ பயந்தாலும் அது வளரும், பயப்படாம இருந்தாலும் வளரும். சாப்புடற வேலையப் பாரு."

பழைய ஷெட்டுக்கே திரும்பினேன். வீட்டுக்காரரிடம் மணி விஷயத்தையும், அக்காவிடம் நாள் தள்ளிப்போனதையும் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகும் தங்கியது. யானைக்குப் பிசிறு சீவும் வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு யானைக்கும் நாலு காலும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் வைப்பேன். வேக்காடு பார்க்க யாராவது துண்டை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வேன். "நாக்கு லீவுல போயிடுச்சி" என்பாள் அக்கா.

ஒரு வாரத்தில் நடுச்சுவர் வழியாக மறுபடி டக் டக் கேட்டது. சார் புது மணி நிரப்பி ஒன்றில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தார். அதுவும் நடுவில் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. ஆள் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே அலாரம் வைத்துக் குட்டித் தூக்கம் போடுவாராம். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே சீவுவேன். அந்த அறையை விட்டு வந்துவிட்டேன் என்று பேர்தான். உடம்பையே அந்த அறை மாதிரி சுமந்துகொண்டு அலைந்தேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு மஞ்சள் விளக்குக்கூட இல்லை.

ஐந்தாம் மாதம் ஸ்கேன். வீட்டுக்காரர் ஒரு நடை பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இருட்டு அறையில் ஸ்கேன் எடுக்கிறவர், தலை, முதுகெலும்பு, இதயம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இதோ பாரும்மா, கை. வலது கை. வெரலு அஞ்சும் தெரியுது."

"இன்னொண்ணு?"

கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அழுத்தினார். "அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருக்கு. தெரியல. வெளிய போயி அரைமணி நேரம் நடந்துட்டு, இனிப்பா எதனா குடிச்சிட்டு வாங்க. திரும்பும்."

அந்த அரைமணி நேரத்தை நான் சாகிறவரை மறக்கப்போவதில்லை. ஜங்ஷன் ரோட்டில் வெயிலில் நடந்தேன். ஒரு கை இருக்கிறது. ஒரு பக்கமாகவே செய்துகொண்டிருக்கும் என்று நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நினைத்தேனே, அது அப்படியே நடந்துவிட்டது. வலத்து யானை மட்டும். வீட்டுக்காரர் கரும்புச்சாறு வாங்கிக் கையில் கொடுத்தார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவர் பேசாமல் நடந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எதனா சொல்லுங்களேன்."

"என்னா சொல்றது? நட."

திரும்பப் படுக்க வைத்தார்கள். ஜில்லென்று வயிற்றில் தடவினார்கள். ஸ்கேன் எடுக்கிறவர் கருவியை மறுபடி நகர்த்தினார்.

"ம், திரும்பிடுச்சி. இதோ எடது கை. மூடி வச்சிக்கினு இருக்குது. இரு... தொறக்குது பாரு. அஞ்சு."

"நல்லா எண்ணுங்க சார்."

"எண்ணிட்டன்மா."

"இன்னொரு தடவ."

இருட்டில் என் வீட்டுக்காரர்தான் எண்ணினார், சத்தமாக, பஸ்ஸில் கண்டக்டர் ஆள் எண்ணுகிற மாதிரி. ஐந்து வந்ததும் மறுபடி ஒன்றில் இருந்து எண்ணினார்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஷெட்டுக்குப் போகச் சொன்னேன். கதவு சாத்தியிருந்தது. தட்டித் திறந்து வாசற்படிக்கு வெளியே நின்றேன். சார் ஸ்டூலில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப்போனவர் பம்பைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும் சார். எண்ணிப் பாத்தாச்சி. படம் குடுத்திருக்காங்க."

கையுறை போட்ட கையால் வாங்கக்கூடாது என்று என்னையே பிடித்துக் காட்டச் சொன்னார். எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கதவோரம் ஆணியில் பழைய நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் படம் பார்க்கிற நேரத்தில் நான் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். பாதியில் விட்ட 'ஒன்றும்' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நிறுத்திய நேரம் போட்டு, காரணம் என்ற இடத்தில், 'ஆளுக்காக நிறுத்தியது' என்று எழுதியிருந்தார்.

"எத்தினாவது நாளு சார் இது?"

"ஒம்போது."

"சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா. காலையிலேருந்து எழுந்துக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூச்சப்பட்ட மாதிரி பாத்ரூம் இருக்கிற பக்கத்து ஷெட் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க சார். நான் உள்ளார வரல. இங்கேருந்தே பாத்துக்கறேன். எதனா ஆனா கூப்புடறேன்."

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார். வீட்டுக்காரர் ரோட்டில் டிவிஎஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டு, "வர்றியா இல்லியா?" என்றார். இரு என்று கையைக் காட்டினேன். படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று பம்பைப் பார்த்தேன். சொட்டு விழுந்தது. எண்ண ஆரம்பித்தேன். அவர் திரும்பி வரும்வரை ஒன்றைக்கூட விடவில்லை.